18 தாண்டின பிள்ளையை பி.ஆர். அப்ளிகேஷன்ல சேர்க்கலாமா?

வணக்கம் மக்களே. குடும்பத்தோட பி.ஆர். (வெளிநாட்டுல நிரந்தரமா தங்குற அனுமதி) போடுற அப்பா அம்மா என்கிட்ட அடிக்கடி கேக்குறது இதுதான்: "பெரியவனுக்கு 18 தாண்டிருச்சு, அவனையும் சேர்த்துப் போடலாமா?" போடலாம். ஆனா நாட்டுக்கு நாடு விதி வேற. இன்னைக்குக் கனடாவும் ஆஸ்திரேலியாவும் பாப்போம்.

கனடால பிள்ளைக்கு 22 வயசு ஆகியிருக்கக் கூடாது, கல்யாணமோ சேர்ந்து வாழுற துணையோ இருக்கக் கூடாது. அந்த வயசை எந்தத் தேதில பாக்குறாங்கங்கிறதுதான் முக்கியம். எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னா, அதாவது வேலைத் திறமையை வச்சு ஆளெடுக்கிற கனடாவோட ஆன்லைன் முறைன்னா, முழுமையான அப்ளிகேஷன் கனடா குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர்ந்த தேதி. ப்ரொஃபைல் போட்ட தேதி இல்ல, அப்ளை பண்ணச் சொல்லி இன்விடேஷன் வந்த தேதியும் இல்ல. பொண்ணுக்கு அடுத்த மாசம் 22 ஆகுது, ஒரு பேப்பர் குறையுதுன்னு ஃபைல் திரும்பி வந்துச்சுன்னா, மறுபடி போடும்போது வயசு தாண்டிடும். அதனால இந்த வயசுல பிள்ளை இருக்கிற வீட்டுல அவசரத்தைவிட செக்லிஸ்ட்தான் முதல்ல.

வயசு அந்தத் தேதியோட நின்னுடும். கல்யாணம் அப்படி இல்ல. நல்ல வரன் வந்துருச்சுன்னு நடுவுல ரெஜிஸ்டர் பண்ணினாக்கூட பிள்ளை லிஸ்ட்ல இருந்து போயிடும்.

இன்னொன்னு. "காலேஜ்ல படிச்சிட்டு இருந்தா எந்த வயசுன்னாலும் சேர்க்கலாம்"னு இன்னமும் சொல்றாங்க. அது பழைய விதி. 2014 ஆகஸ்ட்ல அதை எடுத்துட்டு 19-க்குள்ளன்னு வச்சாங்க. 2017 அக்டோபர் 24-ல இருந்து மறுபடி 22-க்குள்ள. படிப்புச் சலுகை மட்டும் திரும்பி வரல.

22 தாண்டின பிள்ளைன்னா ஒரே வழிதான். உடம்பாலயோ மனநிலையாலயோ சொந்தக் கால்ல நிக்க முடியாத நிலைமை இருக்கணும், 22-க்கு முன்னாடில இருந்தே உங்க பணத்துலதான் இருந்திருக்கணும். இப்படிப் பிள்ளை வச்சிருக்கிற அப்பா அம்மாவுக்கு மனசாரச் சொல்றேன், தயவுசெஞ்சு நோயை மறைக்காதீங்க. நீங்க சேர்த்து வச்ச பழைய மருத்துவ ரிப்போர்ட்தான் இங்க உங்க பலமே. மருத்துவச் செலவு அதிகம்னு நிராகரிக்கிற வரம்பையும் 2018-ல மூணு மடங்கா ஏத்திட்டாங்க. சந்தேகம் இருந்தா முதல்ல லெட்டர் அனுப்பிக் கேப்பாங்க, பதில் சொல்ல வாய்ப்பு உண்டு.

ஆஸ்திரேலியால 23 ஆகாம இருக்கணும். ஆனா 18 தாண்டிருச்சுன்னா வயசு மட்டும் பத்தாது, உங்களை நம்பித்தான் இருக்கான்னு காட்டணும். சாப்பாடு, துணி, தங்குற இடம், இந்த மூணுக்கும் வேற யாரையும்விட, சொந்தச் சம்பாத்தியத்தைவிட உங்களைத்தான் அதிகமா நம்பி இருக்கணும், அதுவும் அப்ளிகேஷனுக்கு முன்னாடி கணிசமான காலமா. பார்ட் டைம் வேலை பாத்தா உடனே போச்சுன்னு இல்ல. எது பெருசு, அவன் சம்பளமா உங்க பணமா, அதைத்தான் பாப்பாங்க. இங்கதான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க, ஏன்னா வீட்டுக்குள்ள பணத்தைக் கையில குடுத்துடுறோம், ரசீது எங்க இருக்கும்? இன்னைல இருந்தே அக்கவுண்ட்ல போடுங்க. ஃபீஸையும் உங்க அக்கவுண்ட்ல இருந்தே கட்டுங்க, ஹாஸ்டல் ரசீதை எடுத்து வைங்க. 47ஏ-ன்னு தனி ஃபாரமே இதுக்கு இருக்கு.

23 தாண்டினா அங்கயும் உடல், மன இயலாமையால வேலை பாக்க முடியாத பிள்ளைக்கு மட்டும்தான். அங்க மெடிக்கல் இன்னும் கடுமை. ஒருத்தர் தேறலைன்னா பொதுவா மொத்தக் குடும்பத்துக்கும் விசா கிடைக்காது, சில விசாவுக்கு மட்டும்தான் விலக்கு உண்டு. அந்த நிலைமைல இருக்கிறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பதிவு பெற்ற ஏஜெண்ட்கிட்டப் பேசிடுங்க.

கடைசியா, கூட வராத பிள்ளை. "அவன் டிகிரி முடிக்கட்டும், இப்ப பேரு வேணாம்"னு விட்டுடாதீங்க. கனடால பேரைச் சொல்லாம, மெடிக்கலும் பண்ணாம விட்ட பிள்ளையைப் பின்னாடி ஸ்பான்ஸர் பண்றது பெரும்பாலும் முடியாது. கூட வரலைன்னு குறிப்பிட்டுப் பேரை எழுதுங்க, மெடிக்கலை முடிங்க. 18 தாண்டின பிள்ளைன்னா அவங்க ஃபாரத்துல அவங்கதான் கையெழுத்துப் போடணும், போலீஸ் சர்டிஃபிகேட்டும் தனியா வேணும். அதனால ஃபாரத்தை நீட்டுறதுக்கு முன்னாடி, வர்றியான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்த வீடியோல மெடிக்கல் டெஸ்ட் பத்திப் பேசுறேன்.