குர்து மொழியைச் சொல்லிக்கொடுத்தவர்கள்

எல்லோருக்கும் வணக்கம். குர்தியல் என்ற துறை எப்படி வளர்ந்தது என்று பேசத்தான் வந்திருக்கிறேன். துருக்கி, ஈரான், இராக், சிரியா என்று நாலு நாடுகளுக்குள் பிரிந்து கிடக்கிற குர்து மக்களின் மொழியையும் வரலாற்றையும் படிக்கிற துறை இது. தனி அரசு இருக்கிற மக்களுக்கு ஆவணக்காப்பகம், அகராதி, பல்கலைக்கழகம் எல்லாம் அரசே அமைத்துக் கொடுத்துவிடும். குர்து மக்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதனால் இந்தத் துறை வேர்விட்ட ஊர்களைக் கேளுங்கள்: ரோம், பீட்டர்ஸ்பர்க், ஆர்மீனியாவின் எரெவான், பாரிஸ். ஒன்றுகூட குர்திஸ்தானில் இல்லை.

முதல் இலக்கணம் 1787ல் ரோமில் அச்சானது. எழுதியவர் மவுரிட்சியோ கார்ட்சோனி என்ற இத்தாலியப் பாதிரியார். இன்றைய வட இராக்கில் இருக்கும் அமேதியாவில் பல வருஷம் தங்கியவர். குர்தியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். அவர் உழைப்பு பெரியதுதான். ஆனால் அந்த இலக்கணத்தைப் பற்றி யார் பேசினாலும், அத்தனை சொற்களையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது.

ரஷ்யாவும் ஒட்டோமன் பேரரசும் மோதிய கிரிமியப் போர் முடிகிற சமயம், 1856ல், பீட்டர் லெர்க் என்ற ரஷ்ய அறிஞர் ரோஸ்லாவ்ல் நகரத்துக்குப் போனார். ஒட்டோமன் படையில் சண்டையிட்டுப் பிடிபட்ட குர்துக்காரர்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். அவர்கள் சொல்லச்சொல்ல இவர் எழுதினார், அது புத்தகமாக வந்தது. ஊரைவிட்டு அவ்வளவு தூரத்தில், கைதிகளாக இருந்துகொண்டு, சொந்த ஊர்க் கதையைச் சொல்லியிருக்கிறார்கள்!

அதே காலத்தில், இன்றைய கிழக்குத் துருக்கியில் இருக்கும் எர்சுரூம் நகரில் ரஷ்யத் தூதராக இருந்தவர் அலெக்சாந்தர் ஜாபா. அவருக்குத் துணையாக வேலை செய்தவர் முல்லா மஹ்மூத் பயாசிதி என்ற குர்து அறிஞர். துணை என்று நான் சொல்கிறேன், ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள். சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், கதைகளை எழுதிக்கொடுத்தார், 1597ல் ஷரஃப் கான் பிட்லிசி பாரசீகத்தில் எழுதி முடித்த குர்து வரலாறான ஷரஃப்நாமாவைக் குர்து மொழிக்குக் கொண்டுவந்தார், தன் மக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். இதெல்லாம் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தது. அந்தப் பழக்கவழக்க நூலை மார்கரிட்டா ருதென்கோ என்ற சோவியத் அறிஞர் பதிப்பித்தது 1963ல்! நூறு வருஷத்துக்கு மேல் அது பெட்டிக்குள் கிடந்திருக்கிறது.

சோவியத் காலத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. 1930ல் எரெவானிலிருந்து ‘ரியா தஸா’ என்ற குர்துப் பத்திரிகை, 1934ல் அங்கேயே குர்தியல் மாநாடு. அப்புறம் 1937ல் அதே ஆட்சி குர்துக் குடும்பங்களை மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. இந்தப் பக்கம் டமாஸ்கஸில் ஜெலாதத் பெதிர்கான் 1932ல் ‘ஹாவார்’ இதழைத் தொடங்கி, லத்தீன் எழுத்தில் குர்து மொழியை எழுதும் முறையைப் பரப்பினார். அவருடைய தம்பி கம்ரான் பாரிஸில் அந்த மொழியைக் கற்பித்தார். இரண்டு பேருமே நாட்டைவிட்டு வெளியேற வேண்டிவந்தவர்கள்.

இனி நான் ரொம்பவும் மதிக்கிற ஒருவர். இஸ்மாயில் பெஷிக்சி குர்துக்காரர் இல்லை, துருக்கியர், சமூகவியலாளர். துருக்கியின் கிழக்குப் பகுதியான கிழக்கு அனடோலியாவில் நேரில் பார்த்ததை அப்படியே எழுதினார். அங்கே இருப்பவர்கள் குர்து மக்கள், அவர்களுக்குத் தனி மொழி இருக்கிறது, அவ்வளவுதான். குர்து என்று ஒரு மக்களே இல்லை என்று துருக்கி அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இதற்காகப் பல்கலைக்கழக வேலை போனது, மொத்தம் 17 வருஷம் சிறையில் கழித்தார். அவருடைய 36 நூல்களில் 32 தடைசெய்யப்பட்டன. களத்தில் பார்த்ததை எழுதியதற்கு ஓர் ஆய்வாளர் கொடுத்த விலை இது.

1983ல் துருக்கி 2932ஆம் எண் சட்டம் கொண்டுவந்தது. துருக்கி அங்கீகரித்த நாடுகளின் முதல் ஆட்சிமொழியாக இல்லாத எந்த மொழியிலும் கருத்தை வெளியிடக்கூடாது என்றது. ‘முதல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இராக்கின் குர்துப் பகுதியில் அரபுக்கு அடுத்தபடியாகக் குர்து மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி இருந்தது. அதைக் காட்டித் தப்பித்திருக்கலாம்; அந்த வழியையும் இந்த ஒரு சொல் அடைத்துவிட்டது. சட்டம் முழுக்கத் தேடினாலும் ‘குர்து’ என்ற பெயர் கிடையாது.

1991ல் அது ரத்தானது. அதற்கும் ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து, தென்கிழக்குத் துருக்கியின் மார்தின் நகரத்து அர்துக்லு பல்கலைக்கழகத்தில் குர்து மொழியைப் படிக்க ஒரு நிறுவனம் திறந்தார்கள். ஊர் மக்கள் வீட்டில் பேசுகிற மொழி வகுப்பறைக்குள் வந்துவிட்டது, எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். அந்த நிறுவனத்துக்கு வைத்த பெயர் ‘வாழும் மொழிகள் நிறுவனம்’. அதிலும் ‘குர்து’ இல்லை.