303ஆம் பிரிவும் இரண்டு பெயர்ப்பலகைகளும்

நேயர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கருக்கலைப்பைப் பற்றிப் பேச வருகிறவரிடம் எல்லாரும் முதலில் கேட்பது, "நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்பதைத்தான். இன்றைக்கு இங்கே வரும் வழியில் ஓட்டோக்காரத் தம்பியும் அதையே கேட்டார். நான் சட்டத்தரணி. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் மாதர் சங்கங்களுக்குச் சட்ட வகுப்பு எடுக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் ஆட்களை அங்கே நான் அதிகம் காணவில்லை.

இப்படி இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் பெரும்பாலும் அமெரிக்கச் செய்திகளோடு வந்தது. 1973இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றம் கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமை என்றது. 2022இல் அதே நீதிமன்றம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் கருக்கலைப்பை எதிர்த்த ஒரு சாரார் தங்களை 'உயிரின் பக்கம்' என்றார்கள், ஆதரித்த மறுசாரார் 'தெரிவின் பக்கம்' என்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கட்சி. உள்ளே போனால் ஒவ்வொன்றிலும் நாலு அடுப்பு எரிகிறது.

உயிரின் பக்கம் என்பவர்களையே எடுங்கள். வல்லுறவால் உண்டான கருவுக்கு விதிவிலக்கு வேண்டும் என்பவரும் கூடவே கூடாது என்பவரும் ஒரே ஊர்வலத்தில் நடக்கிறார்கள். 1972இலேயே பெண்ணியவாதிகள் சிலர் கருக்கலைப்பை எதிர்த்துத் தனி அமைப்பு தொடங்கினார்கள். சிக்காகோ கர்தினால் பெர்னார்டின் 1983இல், கருவைக் காப்பதானால் மரண தண்டனையையும் அணுவாயுதப் போரையும் சேர்த்தே எதிர்க்க வேண்டும் என்று பேசினார். அவர் பக்கத்திலேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. மறுபக்கமும் இப்படித்தான். தெரிவு என்ற பேச்சு காசும் வசதியும் உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும், பிள்ளையைப் பெற்று வளர்க்க வழியில்லாத ஏழைப் பெண்ணுக்கு அது போதாது என்று கறுப்பினப் பெண்கள் 1994இல் 'இனப்பெருக்க நீதி' என்ற கோரிக்கையோடு தனியாகக் கிளம்பினார்கள். எனக்கு அவர்கள் கேட்டது சரியாகவே படுகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பிளவு தண்டனையில். 2016இல் தேர்தலுக்கு நின்ற டிரம்ப், கருவைக் கலைக்கும் பெண்ணுக்கு ஏதாவது தண்டனை வேண்டும் என்று வாய்விட்டார். கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்புகளே அவர் மேல் பாய்ந்தன. அன்றைக்கே பேச்சை மாற்றிக்கொண்டார்.

இனி நம் இலங்கைச் சட்டத்துக்கு வருவோம். 1883இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் ஒழிய, கருவைக் கலைப்பவருக்கு மூன்று வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள் என்று பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதாவது, டிரம்பையே பின்வாங்க வைத்த விடயம் இங்கே நூறு வருடத்துக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிறது! நம் நாட்டில் 'உயிரின் பக்கம்' என்று பேசுகிறவர்கள் இதைப் படித்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வகுப்பில், ஆதரிப்பவர்கள் யன்னல் பக்கம், எதிர்ப்பவர்கள் கதவுப் பக்கம் போகச் சொன்னேன். கதவுப் பக்கம் முதலில் போனவர் ஜெபமாலையைக் கையில் சுற்றியிருந்த ஒரு வயதான அம்மா. பதின்மூன்று வயதுப் பிள்ளையை வீட்டு ஆளே கெடுத்தால் என்று கேட்டேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் புள்ளைய ஜெயிலுக்கு அனுப்ப ஏலாது மிஸ். ஆனா நான் அந்தப் பக்கம் வரவும் மாட்டன்" என்றார். யன்னல் பக்கம் நின்ற ஒரு தங்கச்சி, ஸ்கேனில் குறைபாடு தெரிந்தால் என்றதும் முகம் மாறினாள். அவளுடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே கால் ஏலாது. "அப்ப என்ட அண்ணனைப் பெத்திருக்கக் கூடாதெண்டா சொல்றீங்க?" என்று என்னையே கேட்டாள். ஊனமுற்றோர் உரிமைக்காக உழைக்கும் பலருக்கும் உள்ள சங்கடம் இது. என்னிடம் அவளுக்குச் சுருக்கமான பதில் இருக்கவில்லை.

அக்கரைப்பற்றில் எடுத்த வகுப்பில் பேச்சு வேறு இடத்துக்குப் போனது. கருவுக்கு உயிர் ஊதப்படுவது 120 நாளில் என்பது பல உலமாக்களின், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்களின், நிலைப்பாடு. அதற்கு முன்னர் கலைக்கலாமா என்பதில் மத்ஹபுகள் எனப்படும் இஸ்லாமியச் சட்ட மரபுகளுக்கு இடையில் ஒரே கருத்து இல்லை. ஹனபி அறிஞர்கள் சிலர் தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கிறார்கள், மாலிகிகள் தொடக்கத்திலிருந்தே கண்டிப்பு. நம் ஊர்களில் பின்பற்றும் ஷாபி மத்ஹபுக்குள்ளேயும் இரண்டு பேச்சு உண்டு. இதில் ஆதரவு எது, எதிர்ப்பு எது?

சட்டத்தைத் திருத்தப் பார்க்காமலும் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தோடு வந்த கருக்கலைப்பு வாசகம் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017இல் மறுபடியும் வந்த யோசனை மிகவும் குறுகியது. வல்லுறவால் உண்டான கரு, பிழைக்க வழியில்லாத அளவு குறைபாடுள்ள கரு. இவ்வளவுதான். அதைக்கூட 'கருக்கலைப்பைத் திறந்துவிடுகிறார்கள்' என்று மதத் தலைவர்கள் பலர் எதிர்த்தார்கள், அரசாங்கம் பின்வாங்கியது. அந்த இரண்டு நிலைமைகளையும் தனித்தனியாக எடுத்து நம் சனத்திடம் யாராவது பொறுமையாகக் கேட்டிருந்தால், என் வகுப்பில் கண்ட மாதிரி, கதவுப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பேர் தலையாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எந்தப் பக்கத்தவரும் சண்டை பிடிக்காத விடயம் இது. கரு கலைந்த பிறகு இரத்தப்போக்கோ காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தால் வீட்டில் ஒளித்து வைத்திருக்காதீர்கள். அப்படி வருகிறவருக்கு வைத்தியம் பார்ப்பதை 303ஆம் பிரிவு தடுக்கவில்லை. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை, எந்த அரசாங்க ஆஸ்பத்திரி கிட்டவோ அங்கே உடனே கூட்டிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.