முக்காலி ஆடாது

வணக்கங்க. பட்டாளத்து டீசல் லாரி மேல, கார் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற பழைய கேம்பர் வீட்டை எப்படி உட்கார வச்சேன்னு பேசச் சொல்லி பன்னெண்டு நிமிஷம் குடுத்திருக்காங்க. அந்த வண்டியைப் பாக்குற எல்லாரும் மூணே கேள்விதான் கேப்பாங்க, எவ்வளவு ஆச்சு, மைலேஜ் என்ன, போலீஸ் புடிக்க மாட்டாங்களா. லாரிக்கும் வீட்டுக்கும் நடுவுல என்ன வச்சேன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கூட கேக்கல. எனக்கு பேச ஆசையா இருக்குறது அது ஒண்ணுதான், அதனால அதைத்தான் நிறைய பேசுவேன், மத்ததெல்லாம் முன்ன பின்ன ஆகும், பொறுத்துக்கோங்க.

நான் நாமக்கல்காரன். எங்கப்பா லாரி பாடி கட்டுற பட்டறையில மர வேலை பாத்தவர். கம்பெனியில இருந்து வெறும் சேஸ் வரும், முன்னாடி இன்ஜின், பின்னாடி ரெண்டு நீளச் சட்டம், அவ்வளவுதான், டிரைவர் ஒரு பலகையில உட்கார்ந்து மூஞ்சில துணியைச் சுத்திக்கிட்டு ஓட்டிட்டு வருவாரு. அது மேலதான் பாடி கட்டுவாங்க. பள்ளிக்கூடம் விட்டு வந்தா எனக்கு அதுதான் விளையாட்டு எடம். இப்ப இருக்குறது அமெரிக்காவுல அரிசோனா, டூசான் பக்கம், மழை கம்மி, துரு கம்மி, பழைய இரும்பை வாங்கி வச்சிக்கிட்டு சும்மா பாத்துக்கிட்டே இருக்கறதுக்கு நல்ல ஊரு.

முதல்ல லாரி. எம்-35 ஏ2ன்னு பேரு, ஆனா அந்த ஊர்ல யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க, டியூஸ் அண்ட் எ ஹாஃப்னுதான் சொல்லுவாங்க, அதாவது ரெண்டரை. கரடு முரடான எடத்துல ரெண்டரை டன் தூக்கும்னு அந்தப் பேரு, தார் ரோட்ல அதே வண்டி அஞ்சு டன் தூக்கும். 1950-ல ஆரம்பிச்ச குடும்பம், என்கிட்ட இருக்குறது 1970-கள்ல செஞ்சது. மூணு ஆக்ஸில், எல்லா சக்கரமும் இழுக்கும், காலி வண்டியே ஆறு டன் கிட்ட. இன்ஜின் ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், மல்டிஃபியூவல்னு சொல்லுவாங்க, டீசல் இல்லாட்டி மண்ணெண்ணெய், விமான எரிபொருள், அவசரம்னா பெட்ரோல் கூட ஊத்தலாம். ஜெர்மனியில எம்.ஏ.என் கம்பெனி கண்டுபுடிச்ச முறையில, டீசலை காத்துல தெளிக்காம பிஸ்டன் தலையில இருக்குற குழியோட செவுத்துல பூசுற மாதிரி தெளிக்கும், அதனாலதான் கண்டதையும் குடிக்குது. இவ்வளவு பெரிய இன்ஜின்ல வர்ற சக்தி 130, 140 குதிரைதான். மணிக்கு 55 மைல், அதுக்கு மேல போகாது. டர்போ விசில் அடிக்கும் பாருங்க, நம்ம குக்கர் விசில் மாதிரி விட்டு விட்டு இல்ல, நிக்கவே நிக்காத ஒரே விசில்.

அடுத்தது வீடு. ஏர்ஸ்ட்ரீம், வெள்ளி நிறத்துல மாத்திரை மாதிரி இருக்குமே, அலுமினியத் தகடு, தகட்டை ஒண்ணோட ஒண்ணு புடிக்கிற ரிவெட் ஆணி ஆயிரக்கணக்குல. என்கிட்ட வந்தது 1966 கேரவல்ங்கற மாடல், 17 அடி, அது இழுக்குற கம்பியையும் சேத்து, வீடு மட்டும்னா பதினாலு அடி கிட்ட வரும். இதை சொன்னதுமே ஏர்ஸ்ட்ரீம் பிரியர்கள் என்னை அடிக்க வருவாங்க, நல்ல வண்டியை ஏன்யா வெட்டினேன்னு. நல்ல வண்டி இல்லீங்க. மேல அலுமினிய ஓடு தங்கமா இருந்துச்சு, கீழ ஃபிரேம் துருப்புடிச்சு பிஸ்கட் மாதிரி உதிர்ந்துச்சு, பிளைவுட் தரை ஊறி காளான் முளைச்சிருந்துச்சு. மழைத்தண்ணி ஓரமா எறங்கி தரையை அரிச்சிரும், பழைய ஏர்ஸ்ட்ரீமுக்கு எல்லாம் வர்ற வியாதி அது. அரிசோனா வண்டி இல்ல, ஈரமான ஊர்ல இருந்து வந்தது.

அப்புறம் ஏர்ஸ்ட்ரீமோட சக்கரத்தைக் கழட்டுன முதல் ஆள் நான் இல்லை. 1969 ஜூலையில நிலாவுக்குப் போயிட்டு வந்தாங்களே ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ், அவங்களை கிருமி பயத்துல தனியா அடைச்சு வச்சது எதுலன்னு நினைக்கிறீங்க? சக்கரம் இல்லாத ஏர்ஸ்ட்ரீம்ல. கப்பல்ல வச்சிருந்தாங்க, ஜனாதிபதி நிக்சன் வெளிய நின்னு ஜன்னல் வழியா பேசினாரு, அந்த ஃபோட்டோ பாத்திருப்பீங்க. அப்புறம் ஹவாயில கப்பல்ல இருந்து இறக்கி லாரி மேல ஏத்தித்தான் விமானத்துக்கு கொண்டு போனாங்க. ஆக ஏர்ஸ்ட்ரீமை லாரி மேல ஏத்துறது நாசாவே செஞ்ச வேலை. என் மனைவிகிட்ட இதைச் சொல்லித்தான் அனுமதி வாங்கினேன்.

ஓட்டைத் தூக்குறதுல பெருசா ஒண்ணும் இல்ல. உள்ள இருக்குறதெல்லாம் காலி பண்ணி, மரக்கட்டையை குறுக்கும் நெடுக்கும் வச்சு முட்டுக் குடுத்து, ஏன்னா தரையை விட்டுப் பிரிஞ்ச ஓடு காலி அட்டைப்பெட்டி மாதிரி ரெண்டு பக்கமும் விரியப் பாக்கும், சுத்தி போல்ட்டைக் கழட்டி ரிவெட்டைத் தொளைச்சு எடுத்து, ரெண்டு சங்கிலி பிளாக் போட்டு தூக்கியாச்சு. புதுசா ஒரு இரும்பு ஃபிரேம், அது மேல புது பிளைவுட் தரை, அது மேல ஓடு. லாரியோட சரக்குத் தொட்டியை இறக்கிட்டு அந்த எடத்துல இதை வச்சு, எங்கப்பா பட்டறையில பாத்த மாதிரியே, சேஸ் மேல நீளக் கட்டை போட்டு ஆறு யூ போல்ட் போட்டு நல்லா இறுக்கிட்டேன். இன்னும் கால் சுத்து இன்னும் கால் சுத்துன்னு இறுக்கினேன். பெருமையா இருந்துச்சு.

இப்ப கதைக்கு வரேன். முதல் பயணம், என் மனைவி, நான், மச்சினன் மூணு பேரும். ராத்திரி பாலைவனத்துல ஒரு காஞ்ச ஓடைக்குப் பக்கத்துல நிறுத்தினோம். மச்சினன் உள்ள போய் படுத்துட்டான், படுத்தவன் எழுந்து மாமா தல பக்கம் தாழ்வா இருக்கு ரத்தம் எல்லாம் தலைக்கு ஏறுதுன்னான். சரி ரெண்டடி முன்ன எடுத்து நிறுத்தறேன்னு நான் வண்டியை எடுத்தேன், இருட்டு, முன் சக்கரம் ஒண்ணு பாறை மேல ஏறிடுச்சு. அப்ப பின்னாடி இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி, டப்பு, டப்பு, டப்டப்டப்பு. எனக்கு புரியல, கல்லு தெறிக்குதுன்னு நினைச்சேன். இறங்கி வந்து பாத்தா கதவு திறக்க மாட்டேங்குது. நான் வெளிய இருந்து இழுக்கிறேன், அவன் உள்ள இருந்து தள்ளுறான், மாமா பூட்டிட்டியா, இல்லடா, நீ தாழ் போட்டியா, இல்ல மாமா, இப்படியே பத்து நிமிஷம். என் மனைவி டார்ச்சைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம நிக்கிறா, அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. கடைசியில அவ சொன்னா, ஏனுங்க, வண்டியை பழைய எடத்துக்கே விடுங்கன்னு. பாறையில இருந்து சக்கரத்தை இறக்கினேன். கதவு தானா திறந்துச்சு, எவனும் கை வைக்கல. மச்சினன் படியில பாயை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான், இனிமே வெளியவே படுத்துக்கறேன்னுட்டான். இப்பவும் வெளியதான் படுக்கறான்.

காலையில எண்ணினேன், கதவு ஓரத்துல பதினேழு ரிவெட் போச்சு.

என்ன ஆச்சுன்னா, இதுதான் விஷயம். வீட்ல செருப்பு வாங்குன அட்டை டப்பா இருந்தா எடுங்க. மூடியைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு முனையையும் புடிச்சு துணி புழியுற மாதிரி முறுக்குங்க, முறுகும். இப்ப மூடியைப் போட்டு சுத்தி டேப் ஒட்டிட்டு முறுக்குங்க. முறுகாது, பலமா முறுக்கினா மூலையில கிழியும். லாரியோட சேஸ் முறுகறதுக்குன்னே செஞ்சது. அது ப-னா மாதிரி மடிச்ச சட்டம், வேணும்னுதான் அப்படி செஞ்சிருக்காங்க, ஒரு சக்கரம் பாறை மேல ஏறினா மத்த சக்கரம் எல்லாம் தரையில இருக்கணும், அதுக்கு சேஸ் நெளிஞ்சு குடுக்கும். நாமக்கல்ல நாங்க கட்டுற லாரி பாடி மூடி இல்லாத டப்பா, மேல திறந்தது, சேஸ் நெளிஞ்சா அதுவும் கூட நெளியும், அதனால யூ போல்ட் போட்டு இறுக்கலாம். ஏர்ஸ்ட்ரீம் மூடி போட்ட டப்பா. நெளியாததை ஆறு எடத்துல இறுக்கி நெளியறதோட கட்டினா ரெண்டுல ஒண்ணு விட்டுக்குடுக்கணும். விட்டுக்குடுத்தது அலுமினியம். அப்பா பட்டறையில கத்துக்கிட்டது தப்பில்ல, அதை எடம் மாத்தி வச்சது நான்.

அப்ப என்ன பண்ணணும். டீக்கடையில நாலு கால் பெஞ்சு பாத்திருப்பீங்க, ஒரு கால் தூக்கிக்கிட்டு நிக்கும், அட்டையை மடிச்சு சொருகி வச்சிருப்பாங்க. முக்காலி எங்கயாவது ஆடிப் பாத்திருக்கீங்களா? மேடு பள்ளம் எதுல போட்டாலும் ஆடாது. சாஞ்சு நிக்கும், ஆனா மூணு காலும் தரையில இருக்கும். அதேதான் இங்கயும். வீட்டை மூணு எடத்துல மட்டும் புடிக்கணும், நாலாவது எடத்துல புடிக்கவே கூடாது. திரும்பச் சொல்றேன், நாலாவது எடத்துல புடிக்கவே கூடாது, கை துறுதுறுன்னு வரும், ஒரு போல்ட் போட்டா இன்னும் கெட்டியா இருக்குமேன்னு தோணும், போடாதீங்க.

பின்னாடி ரெண்டு ஆக்ஸிலுக்கு மேல சேஸ் கொஞ்சம் கெட்டியா இருக்கும், அங்க இடது ஒண்ணு, வலது ஒண்ணு, ரெண்டு புடி, அசையாம. முன்னாடி, கேபினுக்குப் பின்னாடி, நட்ட நடுவுல ஒரே ஒரு பின், ரெண்டு பக்கமும் புஷ், அதாவது பின் தேயாம சுத்தறதுக்கு போடுற குழல். சீசா பலகை எப்படி நடுவுல ஒரு கம்பியில நிக்குதோ அப்படி. முன்னாடி சேஸ் இடது பக்கம் சாஞ்சாலும் வலது பக்கம் சாஞ்சாலும் அந்தப் பின் மேல சுத்திக்கும், வீட்டுக்கு சேதி போகாது. ஆனா முன்பக்க எடை மொத்தமும் அந்த ஒத்தப் பின்லதான், அதனால அதுக்கு கீழ குறுக்குச் சட்டம் ஒண்ணு புதுசா கனமா போடணும். சேஸ்ல வெல்டிங் வைக்கக் கூடாது, மேல் மடிப்புலயும் கீழ் மடிப்புலயும் ஓட்டை போடக் கூடாது, பக்கவாட்டுச் செவுத்துல மட்டும்தான். கேபினுக்கும் வீட்டுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கேன், ஓடையில இறங்கும்போது கண்ணாடியில பாத்தா கேபின் ஒரு பக்கம் சாயும் வீடு ஒரு பக்கம் சாயும், முதல் தடவை பாக்குறவங்க வீடு கழண்டுக்கிச்சுன்னு கத்துவாங்க.

எங்க பாட்டி ஆத்துல இருந்து குடம் தூக்கிட்டு வரும்போது தலையில சும்மாடு வச்சிருக்கும். தல ஆடும், குடம் ஆடாது. அவ்வளவுதான்ங்க நான் செஞ்சது, ஆறு டன் லாரிக்கு ஒரு சும்மாடு.

இது என் கண்டுபிடிப்பு இல்ல. ஜெர்மன்காரங்க உனிமாக் வண்டியில ரொம்ப நாளா இப்படித்தான் மேல் பாடியை வைக்கறாங்க, அந்த வண்டியோட சேஸ் நம்ம லாரியை விட இன்னும் அதிகமா நெளியும். பட்டாளத்துல இருந்து வெளிய வந்த 1300 எல்-ங்கற டீசல் உனிமாக்கை வாங்கி நிறைய பேரு வீடு கட்டிக்கிட்டு உலகம் சுத்துறாங்க. உனிமாக்னா போர் வண்டின்னு நினைப்பீங்க, அது பொறந்தது உழவுக்கு, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச கையோட. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல 1270 மில்லிமீட்டர் வச்சாங்க, ரெண்டு உருளைக்கிழங்கு வரிசைக்கு சரியா. சரி, நான் எங்கயோ போறேன்.

ரிவெட் பத்தி சொல்லணும். பதினேழையும் திரும்ப அடிக்கணும்னா ஒரு ஆளால முடியாது. வெளிய ஒருத்தர் காத்து சுத்தியல் வச்சு அடிக்கணும், உள்ள ஒருத்தர் அதே எடத்துல இரும்புக் கட்டியை அழுத்திப் புடிக்கணும், அப்பதான் வால் நசுங்கும். ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது, சத்தத்துல பேச்சும் கேக்காது. அதனால உள்ள இருந்து தகட்டைத் தட்டணும், ஒரு தட்டுன்னா சரி, ரெண்டு தட்டுன்னா இன்னொரு அடி. நானும் என் மனைவியும் மூணு நாள் தட்டித் தட்டியே பேசிக்கிட்டோம். அவ சாப்பாட்டு மேசையில இப்பவும் ரெண்டு தட்டு தட்டுவா, நான் இன்னொரு தோசை வைப்பேன்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். கரண்ட் பத்தி பெருசா எழுதி வச்சிருந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். பட்டாள லாரி 24 வோல்ட், கேம்பர் சாமான் எல்லாம் 12 வோல்ட். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சேத்துத்தான் அந்த 24, அதுல ஒண்ணுல இருந்து மட்டும் 12 எடுத்தா அந்த ஒண்ணு சீக்கிரம் செத்துரும், எடுக்காதீங்க, நடுவுல கன்வர்ட்டர் போடுங்க, இல்லாட்டி வீட்டுக்குன்னு தனி பேட்டரி, சூரியத் தகடு. உயரம், எனக்கு பதினோரு அடி வருது, அங்க சட்டம் 13 அடி 6 அங்குலம், சட்டம் விட்டாலும் மரக்கிளை விடாது. ஏலத்துல லாரி எடுக்கும்போது எஸ்எஃப்-97னு ஒரு தாள் குடுப்பாங்க, அதை வச்சுத்தான் வண்டியை உங்க பேர்ல பதிய முடியும், பத்திரம்.

சாவி! சொல்ல மறந்தேன், அந்த லாரிக்கு சாவியே கிடையாது, ஸ்விட்சைத் திருப்பி பட்டனை அமுக்கினா ஓடும், எவன் வேணா ஓட்டலாம், சண்டையில சாவியைத் தேடிக்கிட்டு இருக்க முடியாதுல்ல. நான் ஸ்டீயரிங்குல சைக்கிள் சங்கிலி போட்டு பூட்டறேன். நிறுத்தணும்னா ஒரு கைப்பிடியை இழுத்து டீசலை நிறுத்தணும்.

ஒரு விரல் காட்டுறாங்க. பிரேக், இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன். எம்-35 ஏ2-ல எல்லா சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் சுத்து. எங்கயாவது ஒரு குழாய் வெடிச்சா மொத்தமும் போச்சு, கைப்பிரேக் மட்டும்தான் மிச்சம். மேல வீடு ஏத்துறதுக்கு முன்னாடி அதை ரெண்டு சுத்தா பிரிச்சுடுங்க, முன்னாடிக்கு ஒண்ணு பின்னாடிக்கு ஒண்ணு, நான் வீட்டை ஏத்திட்டு அப்புறம் செஞ்சேன், கீழ படுத்து கை நுழையாம ரெண்டு வாரம்... சரி சரி, முடிச்சுட்டேன், மைக்கை எடுத்துக்கோங்க. வணக்கங்க.