ஆவாரம்பூவை அதிர வைக்கிற கருவண்டு

(காட்சி: யானைமலை அடிவாரம், காலை வெயில்)

வணக்கம். மதுரை ஒத்தக்கடை பக்கம், யானைமலை அடிவாரத்துல நிக்கிறேன். மழை விட்டு ரெண்டு வாரம் ஆச்சு. செம்மண்ணும் சரளையுமா கிடக்குற இந்தத் தரையில, இடுப்புயரத்துக்கு மஞ்சளாப் பூத்து நிக்கிறது ஆவாரஞ்செடி. பொங்கலுக்கு வேப்பிலை, சிறுபீளையோட சேர்த்துக் காப்புக் கட்டுறோமே, அதேதான். கசாயம், குளியல்பொடி பத்தியெல்லாம் நிறைய வீடியோ பார்த்திருப்பீங்க. இன்னைக்கு இந்தப் பூ தன் பிழைப்பை எப்படி நடத்துதுன்னு பார்ப்போம்.

(காட்சி: பூ, மிக அருகில்)

அஞ்சு இதழ். நடுவுல பத்து மகரந்தத் தாள், ஆனா பத்தும் ஒண்ணு போல இல்ல. மேல உள்ள மூணும் குட்டை, மலடு. கீழ உள்ளது நீண்டு, தந்தம் மாதிரி வளைஞ்சிருக்கு. தேன் ஒரு சொட்டு கிடையாது. வர்ற பூச்சிக்கு மகரந்தம்தான் கூலி. அதுவும் பைக்குள்ள அடைஞ்சு கிடக்கு. நுனியில சின்னத் துளை மட்டும். உப்பு டப்பாவைக் குலுக்குனாத்தானே உப்பு விழும், அப்படித்தான்.

(காட்சி: கருவண்டு வந்து உட்காருகிறது. பின்னணி இசை வேண்டாம்)

சத்தத்தைக் கேளுங்க. பறந்து வரும்போது கனத்த ரீங்காரம். பூவைக் கட்டிப் பிடிச்சதும் றெக்கை ஓய்ஞ்சிருச்சு, சத்தம் ஓயல. இன்னும் கீச்சுன்னு ஏறிருச்சு. றெக்கையை இயக்குற நெஞ்சுத் தசையாலேயே உடம்பை அதிர வைக்குது. அந்த அதிர்வுல மகரந்தம் பொலபொலன்னு கொட்டுது. வயித்துல அப்பியிருக்குற மஞ்சள் பொடியைப் பாருங்க. வழிச்சு எடுத்தது போக மிச்சம் ஒட்டியிருக்குறதுதான் அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும்.

கருவண்டுன்னு சொன்னாலும் இது தேனீ இனம். பட்ட மரத்தைக் குடைஞ்சு கூடு வைக்கும். பெட்டியில வளர்க்குற தேனீக்கு இந்த வித்தை வராது. அதனால, ஆவாரை நிக்கிற காட்டுல பட்டுப்போன மரம் ஒண்ணு ரெண்டு விட்டு வைக்கிறது நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

செடியை அடையாளம் காண பூவே வேணும்னு இல்ல. இலைக்காம்பு தண்டைத் தொடுற இடத்துல காது மாதிரி அகலமா ஒரு செதில் இருக்கும். தாவரவியல் பேருல வர்ற 'ஆரிகுலேட்டா' அந்தக் காதுதான். துளிரைத் திருப்பிப் பாருங்க, பச்சைப் புழு இருந்தா கிள்ளி எறியாதீங்க. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியா அது மாறும்.

சங்கப் பாட்டுல இதுக்கு ஆவிரைன்னு பேரு. காதல் கைகூடாம மடலேறுன, அதாவது பனைமடல்ல செஞ்ச குதிரை மேல ஏறி ஊரறிய வந்த தலைவன் போட்டுக்கிட்டது இந்தப் பூமாலை. தோல் பதனிட இதோட பட்டையைத்தான் ரொம்பக் காலம் உரிச்சாங்க.

இப்போ இடத்துக்கு வருவோம். இந்த மாதிரி வறண்ட புதர்க்காட்டுக்கு நாம வச்சிருக்குற பேரு 'தரிசு'. எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கல. மேலூர் பக்கம் அரிட்டாபட்டியில மலையும் சுனையும் புதருமா சுமார் 193 ஹெக்டேரை 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சது. அந்த மரியாதை அதுக்கு வெளிய இருக்குற புதர்க்காட்டுக்கு இன்னும் கிடைக்கல. ஒரு பக்கம் சீமைக் கருவேலம், இன்னொரு பக்கம் பிளாட்டுக் கல்லு.

(காட்சி: காய்ந்த காய், உள்ளங்கையில்)

தட்டையான காய், காகிதம் மாதிரி மெலிசு. உள்ள இருக்குற விதைக்குத் தோல் கெட்டி. ஒரு மழைக்கே எல்லாம் முளைச்சிடாது; பாதி மண்ணுலயே காத்துக் கிடக்கும். பொக்லைன் வந்து மேல்மண்ணைச் சுரண்டுற அன்னைக்கு, முளைக்காத அந்த விதையும் சேர்ந்து லாரியில ஏறிப் போயிருது.