உப்புக்காற்று வீட்டுக்கு எந்த அப்ஸ்ட்ராக்ட் பிரிண்ட்?

வணக்கம் மக்களே. என் கையில் இருக்கிற இந்த ரெண்டு பிரிண்ட் சாம்பிளையும் 'மியூசியம் குவாலிட்டி' என்றுதான் விற்கிறார்கள். அந்தப் பேரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்க ஆள் கிடையாது. அதனால் காகிதத்தைப் பார்ப்போம். விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு சரிபார்க்கிற யூவி டார்ச்சை அடிக்கிறேன். தெரிகிறதா, இடது பக்கம் இருப்பது நீலம் போட்டுத் துவைத்த வேட்டி மாதிரி பளீர் என்று மின்னுகிறது. வெண்மைக்காக மருந்து சேர்த்திருக்கிறார்கள், அது நாள்பட வேகம் குறைந்து காகிதம் மஞ்சளடிக்கும். வலது பக்கம் இருப்பது மங்கலாகவே கிடக்கிறது. இது அமிலம் இல்லாத பருத்திக் காகிதம், 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை. மை பிக்மென்ட் மையா, அதாவது நிறத்துகள் கலந்த மையா என்றும் கேளுங்கள், கரைந்த சாயமான டை மை வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும்.

சரி, எந்தப் படம்? அப்ஸ்ட்ராக்ட் என்றால் உருவம் இல்லாமல் கோடும் வடிவமும் நிறமுமாக வரைவது, அதில் எனக்கு ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி உயிர். ஆனால் 1923-இல் அவர் வரைந்த 'காம்போசிஷன் 8' ரெண்டு மீட்டர் அகலம், அதை நம்ம ஹாலுக்காக ரெண்டடியாகச் சுருக்கினால் அந்தச் சின்னக் கோடுகளெல்லாம் நூல் மாதிரி ஆகிவிடும். டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் 1930-ஆம் வருஷத்து சிவப்பு, நீலம், மஞ்சள் படம் அசலே ஒன்றரை அடி சதுரம்தான், அதே அளவில் போடலாம். அமெரிக்க ஓவியர் ரோத்கோவைப் பிரிண்டாக வாங்காதீர்கள் என்பேன், அடுக்கடுக்காகப் பூசிய அந்த நிறம் மையில் தட்டையாகிவிடும். ஃபைலையும் விசாரியுங்கள்: இஞ்சுக்கு 300 புள்ளி என்று வைத்தால் 20-க்கு 30 இஞ்ச் பிரிண்டுக்கு 6000-க்கு 9000 பிக்சல் வேண்டும். ஓரத்தை வெட்டி அளவுக்குக் கொண்டுவருகிற கடை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் சங்கதி. முட்டம், குளச்சல் மாதிரி குமரிக் கடலோரத்தில் வீடு என்றால் இரும்பு ஆணி, இரும்புக் கொக்கி வேண்டவே வேண்டாம், துரு வழிந்து சுவரே பாழாகும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஈரம் ஏறிய காகிதம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு இருந்தால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். அதனால் நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், பிரேமின் பின்மூலைகளில் ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். பிரேம் போடுகிற அண்ணன் "இதுக்கு இவ்வளவு பாடா?" என்பார். சிரித்துக்கொண்டே அட்டையை மட்டும் மாற்ற விடாதீர்கள்.