காபித் தோட்டத்து அடுக்கில் கல் வீடு: நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து. ஏற்காட்டில் சரிவான காபித் தோட்டம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். இத்தாலியில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிய ஆலிவ் தோட்டத்து அடுக்குகளுக்கு நடுவே, இருப்பதே தெரியாதபடி கட்டிய ஒரு கல் வீட்டை வீடியோவில் பார்த்தார்களாம். இங்கேயும் அப்படிக் கட்ட முடியுமா என்று கேட்கிறார்கள்.

தாராளமாகக் கட்டலாம். ஆனால் அங்கிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்து கட்ட வேண்டும்.

அந்த வீடு கண்ணை உறுத்தாததற்குக் கல் மட்டும் காரணம் இல்லை. அந்த ஊர் மலைச்சரிவுகளில் சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கித் தடுப்புச் சுவர் கட்டி, மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கைவேலையை 2018-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலிலேயே சேர்த்தது. வீடும் அந்தச் சுவர்களில் ஒன்றாக, அதே வளைவில் நீளவாக்கில் கிடக்கிறது. நீங்கள் எடுக்க வேண்டியது இதைத்தான். 40-க்கு 40 என்று சதுரமாகப் பிளான் போட்டால் மலையை வெட்டியே ஆக வேண்டும். 16 அடி அகலம், 60 அடி நீளம் என்று அடுக்கின் போக்கிலேயே அறைகளை வரிசையாக வையுங்கள். இடம் போதாவிட்டால் படுக்கையறையைக் கீழ் அடுக்குக்குக் கொண்டுபோங்கள், நடுவில் ஏழெட்டுப் படி வரும், அவ்வளவுதான்.

கல்லுக்கு வெளியே அலைய வேண்டாம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையே சார்னோக்கைட் என்கிற கருங்கல்தான். உடைத்த முகம் நீலச் சாம்பலாக இருக்கும், வெயில் மழை பட்ட முகம் பழுப்பேறியிருக்கும். அந்தப் பழுப்பு முகம் வெளியே தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி அழகுக்கென்று கல் இடுக்கில் பட்டையாகச் சிமென்ட் பூசி, கறுப்புக் கோடு போட வருவார். தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள். சாந்து கல்லின் முகத்தைவிட அரை அங்குலம் உள்ளே இருந்தால்தான் அது தோட்டத்துச் சுவர் மாதிரி தெரியும்.

சரி, விட வேண்டியது எது? கூரை. ஆலிவ் விளைகிற ஊரில் கோடை முழுக்க வறட்சி, மழை குளிர்காலத்தில்தான். அதனால் கூரைச் சாய்வும் குறைவு, சுவரைத் தாண்டி நீளுகிற கூரை விளிம்பான இறவாணமும் குட்டை. ஏற்காட்டில் தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், போதாததற்கு மூடுபனி. நல்ல சாய்வில் ஓடு போட்டு, இறவாணத்தைக் குறைந்தது இரண்டரை அடி வெளியே இழுத்துவிடுங்கள்.

மலை வீட்டில் நிறையப் பேர் கோட்டை விடுவது பின்சுவரில்தான். இடம் மிச்சம் என்று மண் தாங்குகிற சுவரையே வீட்டுச் சுவராக்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மேல் அடுக்கில் ஊறுகிற தண்ணீர் முழுக்க அந்தச் சுவரைத்தான் அழுத்தும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை, துணியெல்லாம் வாடை. தடுப்புச் சுவர் தனியாக நிற்கட்டும், மலைப் பக்கம் சற்றே சாய்ந்து, முதுகில் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய ஓட்டைகளோடு. அதற்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாக நடக்க மூன்றடிச் சந்து, அதில் திறந்த வாய்க்கால். மூடி போடாதீர்கள், தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்து இலை விழுந்து அடைத்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், வெறும் கல் சுவர் இந்த மலையில் உள்ளே ஜில்லென்று ஈரமாகவே இருக்கும். வெளியே கல், இரண்டு அங்குலம் இடைவெளி, உள்ளே செங்கல் என்று கட்டி, இரண்டையும் துருப்பிடிக்காத கம்பியால் பிணைக்கச் சொல்லுங்கள். செலவு கூடும்தான், இருந்தாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பிளான் போடுவதற்கு முன் டோட்டல் ஸ்டேஷன் சர்வே, அதாவது கருவி வைத்து நிலத்தின் மேடு பள்ளத்தைத் துல்லியமாக அளக்கிற சர்வே எடுத்து, ஒவ்வொரு மரத்தையும் அதில் குறித்து வாங்குங்கள். ஐப்பசியில் நல்ல மழை நாளில் குடை பிடித்துப் போய்த் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். அந்த வழியை விட்டுவிட்டு மிச்ச இடத்தில் வீட்டை யோசிப்போம்.