சந்நிதியில் நின்றால் கெட்ட எண்ணம் வருகிறது: ஓசிடிக்கு என்ன சிகிச்சை கேட்டு வாங்க வேண்டும்?

வணக்கம். இன்றைக்கு எடுத்திருக்கும் கேள்வி திருமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. நீளமான கடிதம், சுருக்கிப் படிக்கிறேன்.

"என் மகனுக்கு 21 வயது. மதுரையில் கல்லூரியில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே சாமி பக்தி அதிகம். ஒரு வருடமாக, மீனாட்சியம்மன் சந்நிதியில் நின்றால் அம்மனைப் பற்றிக் கெட்ட வார்த்தை மனதில் ஓடுகிறது என்று அழுகிறான். வெளியே வந்தவன் திரும்பவும் உள்ளே போய்க் கும்பிடுகிறான். வீட்டுக்கு வந்தால் 'நான் தப்பா நினைக்கலைலம்மா?' என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். பாண்டி கோயிலுக்குப் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டினோம். ஒரு கவுன்சிலிங்கில், கையில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு எண்ணம் வரும்போது சுண்டச் சொன்னார்கள். அதன் பிறகு அதிகமானதுதான் மிச்சம். ஒரு டாக்டர் இது ஓசிடி என்று மாத்திரை எழுதினார். மூன்று வாரம் ஆகியும் குறையாததால் நிறுத்திவிட்டோம். இது அம்மன் குற்றமா? இதற்குச் சரியான சிகிச்சை என்ன, மதுரையில் கிடைக்குமா?"

அம்மா, முதலில் அந்தக் குற்றம் என்கிற கேள்வியை முடித்துவிடலாம். குற்றம் இல்லை. உங்கள் மகன் அம்மனை வெறுப்பதால் அந்த வார்த்தைகள் வரவில்லை. ஓசிடி, தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறோம், ஒரு மனிதன் எதை உயிராக நினைக்கிறானோ அங்கேதான் போய்க் கை வைக்கும். பிள்ளை பெற்ற தாய்க்கு, அரிவாள்மனையைப் பார்த்தால் குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்று வரும். பக்தி உள்ள பையனுக்குச் சந்நிதியில் வரும். சாமி நம்பிக்கையே இல்லாத ஒருவனுக்கு இதே வார்த்தை தோன்றினால் அவன் பாட்டுக்கு நடந்து போய்விடுவான். உங்கள் மகனால் அப்படிப் போக முடியவில்லை.

இந்த மாதிரி எண்ணம் வருவதே நோயும் இல்லை. 1978-இல் ஸ்டான்லி ராக்மன் என்ற உளவியலாளரும், இலங்கையைச் சேர்ந்த பத்மல் டி சில்வா என்ற உளவியலாளரும் எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு, தங்களுக்கும் வேண்டாத எண்ணங்கள் திடீரென்று வந்து போவதாகச் சொன்னார்கள். அதாவது கோயில் வரிசையில் உங்கள் மகனுக்கு முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் ஏதாவது ஒன்று வந்திருக்கும். அவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் மகன் பயப்படுகிறான், அந்தப் பயத்தைப் போக்க ஏதோ ஒன்று செய்கிறான். திரும்ப உள்ளே போகிறான், மனதுக்குள் மன்னிப்புக் கேட்கிறான், உங்களிடம் வந்து கேட்கிறான். செய்த உடனே மனசு கொஞ்சம் இறங்கும். அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி. அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் கூடுதலாகச் செய்யச் சொல்லும்.

ரப்பர் பேண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பழைய காலத்தில் அப்படி ஒரு முறை இருந்தது. ஆனால் ஓசிடிக்கு அது உதவாது. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம் ஊரில் சொல்வார்களே, அதே கதைதான். எண்ணம் வந்துவிட்டதா என்று நாள் முழுக்கக் காவல் இருந்தால் அது வராமல் என்ன செய்யும்? வலிக்கிற மாதிரி சுண்டுவது கடைசியில், பயத்தைப் போக்கச் செய்யும் இன்னொரு பரிகாரமாகவே ஆகிவிடும்.

சரி, எதைக் கேட்டு வாங்க வேண்டும்? இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். சுருக்கமாக ஈ.ஆர்.பி. பயம் தரும் இடத்துக்கு, பயம் தரும் எண்ணத்துக்குப் படிப்படியாகத் தானே போய் நிற்பது, ஆனால் வழக்கமாகச் செய்யும் பரிகாரத்தைச் செய்யாமல் இருப்பது. இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை. விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் லண்டனில் இரண்டு நோயாளிகளுக்கு இப்படிச் செய்து பார்த்து எழுதினார். ஒருவருக்குக் கழுவிக்கொண்டே இருக்கும் தொல்லை. இன்னொருவருக்கு என்ன தெரியுமா? உங்கள் மகனுக்கு இருப்பதேதான், தெய்வத்தைப் பற்றி வரும் அசிங்கமான எண்ணங்கள். அவர் வேறு மதம், வேறு நாடு. நோய் ஒன்றுதான். இன்றைக்கு ஓசிடிக்குப் பேச்சு சிகிச்சைகளில் முதலில் வைப்பது இதைத்தான்.

இது எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பக்தி உள்ள குடும்பங்கள் இங்கேதான் பயந்து திரும்பிவிடுகிறார்கள். சாமியைத் திட்டச் சொல்வார்களோ என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் நம்பிக்கை தடுக்கும் எதையும் நல்ல தெரபிஸ்ட் செய்யச் சொல்ல மாட்டார். ஒரு சாதாரண பக்தர் என்ன செய்வாரோ அதை, அவர் செய்யும் அளவுக்கு மட்டும் செய்யச் சொல்வார்.

முதல் ஒன்றிரண்டு சந்திப்புகளில் பட்டியல் போடுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு பதற்றம் என்று 0 முதல் 100 வரை மதிப்பெண். வீட்டுப் பூஜை அறையில் அம்மன் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை விளக்கேற்றிவிட்டு வெளியே வருவது 35 என்று அவன் சொல்லலாம். தெருமுனைப் பிள்ளையார் கோயில் 50. மீனாட்சியம்மன் சந்நிதி 95. கீழே இருந்துதான் தொடங்குவார்கள். பூஜை அறையில் எண்ணம் வரும். வரட்டும் என்று விடுவான், மன்னிப்புக் கேட்க மாட்டான். பதற்றம் ஏறும். அப்படியே உட்கார்ந்து, ஐந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மதிப்பெண் எழுதுவான். பெரும்பாலும் அது தானாக இறங்கும். சில நாள் இறங்காது. அன்றைக்கும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: பதற்றத்தோடேயே சாப்பிடலாம், படிக்கலாம், கல்லூரிக்குப் போகலாம்.

இப்படிப் பல வாரம் பழகிய பிறகு பெரிய கோயில். எல்லாரும் போவதுபோல முதலில் அம்மன் சந்நிதி, அப்புறம் சுவாமி சந்நிதி, ஒரே சுற்று. வந்த எண்ணத்தோடேயே திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு சித்திரை வீதிக்கு வந்துவிட வேண்டும். திரும்ப உள்ளே போகக் கூடாது. அந்தக் கோயிலில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. 2018-லிருந்து உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் சந்நிதியில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போட்டு 'தப்பா நினைக்கலைலம்மா?' என்று கேட்க அவனுக்கு வழியில்லை. வெளியே வந்து போனை வாங்கும் இடம்தான் கடினமான இடம். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, உங்களைக் கூப்பிடாமல் பஸ் ஏற வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் உண்மையான சிகிச்சை நடக்கும் நேரம்.

இதில் உங்கள் பங்கு பெரியது அம்மா. நீங்கள் அன்பாகத்தான் 'இல்லப்பா, நீ நல்ல பிள்ளை, அம்மன் கோவிச்சுக்க மாட்டா' என்று சொல்கிறீர்கள். யார்தான் சொல்ல மாட்டார்கள்? ஆனால் அந்தப் பதில் அரை மணி நேரம்கூடத் தாங்காது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்காக நாளைக் காலையிலேயே வாயை மூடிக்கொள்ளாதீர்கள், அவன் உடைந்துபோவான். தெரபிஸ்ட் முன்னால் நீங்களும் அவனும் உட்கார்ந்து, அவன் சம்மதத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கேட்கும்போது, 'இதுக்குப் பதில் சொல்ல வேண்டாம்னு பேசி வச்சிருக்கோம்லப்பா. கஷ்டமா இருக்குன்னு தெரியுது, வா காபி குடிக்கலாம்' என்று சொன்னால் போதும். கோபம் வேண்டாம், விவாதமும் வேண்டாம். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள். அம்மா பதில் சொல்லாவிட்டால் பிள்ளை பாட்டியிடம் போவான்.

மாத்திரை. மூன்று வாரத்தில் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம். ஓசிடிக்குக் கொடுக்கும் ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின் வகை மாத்திரைகள் தூக்க மாத்திரை இல்லை, போதை போலப் பழக்கமாகிவிடும் மாத்திரையும் இல்லை. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். அந்த அளவை எட்டி, 8 முதல் 12 வாரம் பார்த்த பிறகுதான் கேட்கிறதா இல்லையா என்றே முடிவு செய்ய முடியும். முதல் சில நாள் குமட்டல், வயிற்றுக் கோளாறு வரலாம், பலருக்கு அது அடங்கிவிடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பப் போய், நிறுத்திவிட்டோம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். குறைந்த பிறகும் ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் மாத்திரையும் ஈ.ஆர்.பி.யும் சேர்ந்து போவது நல்லது.

எங்கே போவது? பெரியாஸ்பத்திரியில், அதாவது ராஜாஜி அரசு மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. பணம் செலவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் வருவது உண்டு, திருமங்கலத்தில் எந்தக் கிழமை என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரியுங்கள். தெரபிக்கு, கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில் முடித்து இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராகப் பாருங்கள். கவுன்சிலர் என்று போர்டு மாட்டிய எல்லாரும் இதைப் படித்தவர்கள் இல்லை. போனதும் நேராகக் கேளுங்கள்: ஓசிடிக்கு ஈ.ஆர்.பி. செய்வீர்களா, எண்ணம் வரும்போது என்ன செய்யச் சொல்வீர்கள், வீட்டுப்பாடம் உண்டா? மனதைத் திசைதிருப்பு, நல்லதையே நினை என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. வாரம் ஒன்று என்று 12 முதல் 20 சந்திப்பு வரை ஆகும், இடையில் தினமும் வீட்டுப்பாடம். இங்கே ஆள் அமையவில்லை என்றால் பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. சிலர் வீடியோ காலிலும் ஈ.ஆர்.பி. செய்கிறார்கள், உங்கள் மகனுக்கு அது சரிப்படலாம், பூஜை அறைக்கே போனை எடுத்துப் போகலாம் பாருங்கள். அப்புறம், அவன் எப்போதாவது வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால் அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். அவசரம் என்றால் 108.

முழுதாகப் போய்விடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். பலருக்கு நன்றாகக் குறைகிறது. எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்க்கும், தேர்வு நேரத்தில், தூக்கம் கெட்டால் கொஞ்சம் கூடும். அப்போது என்ன செய்வது என்று தெரிந்தவனாக இருப்பான்.

கடைசியாக அந்தக் கயிறு. அவிழ்க்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சும்மா கையில் கிடந்தால் கிடக்கட்டும். எண்ணம் வரும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். அப்படிச் செய்தால் அதுவும் பரிகாரம்தான், தெரபிஸ்டிடம் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் தடவை போகும்போது, ஒரு வாரம் அவனையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எங்கே வந்தது, என்ன செய்தேன், யாரிடம் கேட்டேன். வார்த்தையை எழுதக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடட்டும். அதை அறைக்குள் அவனே சொல்லிக்கொள்வான், நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள், கூப்பிடுவார்கள்.